இடப்பக்கத்து ஓநாய்

மெய்யான பனி ஒலிவாங்கியில் பொய் சொல்லும்.
ஊலு நகருக்கு வெளியே, மைனஸ் இருபத்திரண்டில்,
பேட்டரி சாவதற்குள் பிடித்துவந்த பதினோரு நிமிடமும்
போட்டுக் கேட்டால்
யாரோ ரஸ்க் தின்கிறார்கள்.

ஆகவே உருளைக்கிழங்கு மாவு.
தோல்பையில் திணித்துக் கட்டைவிரலால் அழுத்த,
நற, நற என்று ஓர் ஓநாய் நடக்கும்.
முன்னங்கால்களுக்கு வலக்கை,
பின்னங்கால்களுக்கு இடக்கை.
எட்டு மாதம் நான் நாலுகால் பிராணி.

எங்கள் ஸ்டுடியோ ஒரு பழைய பால் கிடங்கு.
மெத்தை அடித்த சுவரையும் மீறிப் புகுந்துவிடும்
ஃபிரிட்ஜின் உறுமல்.
பதிவு ஓடும்போது பிளக்கைப் பிடுங்குவேன்,
திரும்பச் செருக மறப்பேன்.
ஹெல்விக்கு இதுவரை ஒன்பது பாக்கெட் பால் கடன்.

ஒரு நொடியை ஆயிரமாக நறுக்குங்கள்.
அதில் ஒரு துண்டை எடுத்துப் பாதியாக்குங்கள்.
இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நடுவே
அந்த அரைத் துண்டில்தான் நிற்கிறது என் ஓநாய்,
பைன் மரத்துக்குப் பின்னால், இடப்பக்கம், பன்னிரண்டு அடி.
கையை நீட்டினால் மயிர் தட்டும்.

பிழை எண் 2140: ஓநாய்க்குச் சத்தமே இல்லை.
பதில்: எங்களுக்குக் கேட்கிறது. மூடப்பட்டது.
மறுபடி திறந்தார் என்ஸியோ. மறுபடி மூடினோம்.
மூன்றாம் முறை அவர் எழுதவில்லை.
மாவு ஒட்டிய கையோடு கீழே போனேன்.

ஒவ்வோர் அடிக்கும் முன்னால்
திரையில் வேட்டைக்காரனின் கழுத்தைத் திருப்புகிறார்,
இப்படியும் அப்படியும்,
காடு எதையோ நீட்ட
வேண்டாம் வேண்டாம் என்று மறுப்பதுபோல.
ஹெட்போனைக் கழற்றி வலம் இடம் மாற்றி மாட்டுகிறார்,
கேட்கிறார், திரும்ப மாட்டுகிறார்.
அதற்குள் தொண்டையைக் கவ்வியாயிற்று.
முப்பத்தொரு சாவு. அத்தனையும் இடப்பக்கத்திலிருந்து.

“ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி.”
இடக்காதைத் தொட்டுக் காட்டினார்.
“அதுக்கப்புறம் இந்த வாசலுக்கு யாரும் வந்ததில்லை.”

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்கிறது இலக்கணம்.
நறநற என்பதில் ஒரு ‘நற’வைப் பிடுங்கினால்
மற்றது அகராதியில் அநாதை.
அந்த ஒற்றை ‘நற’வில்
ஐம்பது வருடமாகக் குடியிருக்கிறார் இந்த மனிதர்.
நானோ இரண்டு காதுக்கு மட்டும் வீடு கட்டினேன்.

இரு தடத்தையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுத்தேன்.
“இப்போ ஓநாய் என் மண்டைக்குள்ள இருக்கு” என்றார்.
குறையாகச் சொல்லவில்லை.
தகவலாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தேன்.
ஒரு தெருவில் உலர்ந்த பனி.
உப்புக் கொட்டிய தெருவில் சொதசொதப்பு.
கண்ணை மூடியே சொல்லலாம் எந்தத் தெரு என்று.
நின்றேன். பேருந்து போய்விட்டது.

மறுநாள் இரண்டு ஓநாய் நடந்தேன்.
இடத்திலிருந்து வந்தால் மாவு;
வலத்திலிருந்து வந்தால் ஈரத்துண்டில் பொதிந்த கல்லுப்பு.
ஒற்றைத் தடம்தான்,
ஆனால் பனி வேறு.

“பனிக்கு இடது வலது உண்டா?” என்றான் டௌனோ.
“மெய்ம்மை மெய்ம்மை என்று
எட்டு மாதம் எங்கள் உயிரை வாங்கியது யார்?”
நான்தான் என்றேன்.
அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில்
பெயர் வைக்க நேரமில்லாத ஒரு பொத்தானாக
அதைப் போட்டுக் கொடுத்தான், முனகிக்கொண்டே.

வியாழன், சாயங்காலம்.
பைன் மரத்தடியில் என்ஸியோ நிற்கிறார்.
கழுத்து ஆடவில்லை.
நற.
துப்பாக்கி நேராக இடப்பக்கம் திரும்புகிறது.
நற, நற.
சுடுங்கள் என்றேன்.
“இரு,” என்றார், “இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்.”
நடந்தது. மாவு மாவாக,
அந்த வாசல் வரைக்கும்.

முப்பத்திரண்டு.